இடுப்பளவு விலை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'அங்குலம்' என்று கேட்டால் தவழும் குழந்தைகூட தையல் கடைப் பக்கம் கை காட்டும். டீக்கடையில் போய் நின்றால் "அரை அங்குலம் குறைச்சு ஊத்துங்க" என்பார். மழை எவ்வளவு பெய்தது என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், தன் கால்சட்டையில் நனைந்த இடத்தை டேப் வைத்து அளந்து சொல்வார். இருபது வருடத் தொழில் ஒரு மனிதரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி வேண்டாம்.

அவருடைய மனைவியைத் தெரு 'காஜாக்கா' என்று கூப்பிட்டது. பொத்தான் துளைக்குக் காஜா கட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான். பேச்சிலும் அப்படித்தான். சுற்றி வளைக்காமல் நேராகக் குத்தி, இறுக்கி, நூலைக் கடித்துத் துப்பிவிடுவார்.

கடை எப்படி நடந்தது என்று கேட்டால், நன்றாகத்தான் நடந்தது. தொல்லை முழுக்கப் போனில்தான். துணி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே கடையில் நின்றுகொண்டு இவரைக் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, துணிக்கடையில நிக்கிறேன். முழுக்கைச் சட்டைக்கு எத்தனை மீட்டர் கிழிக்கச் சொல்ல?"

"யாரு பேசறது?"

"குரல் தெரியலையா? முந்தின வருசம் நீலச் சட்டை தைச்சேனே."

நீலச் சட்டை தைத்தவர்கள் அந்த ஊரில் நானூறு பேர். ஆனாலும் உயரம் என்ன, தோள் என்ன, துணி அகலம் என்ன என்று பொறுமையாகக் கேட்டு, மனக்கணக்குப் போட்டு, இரண்டே கால் என்றோ இரண்டரை என்றோ சொல்வார். சொன்ன அளவில் துணி வாங்கிக்கொண்டு வேறு கடையில் தைக்கக் கொடுத்தவர்களும் உண்டு. அதையும் அவர்களே மறுவருடம் போனில் சொல்வார்கள்.

ஒரு நாளைக்கு இருபத்தாறு போன் வந்த ஒரு மத்தியானத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இந்தக் கணக்கை ஒரு ஆப்பாகச் செய்துவிட்டால் என்ன? அளவைப் போட்டால் அதுவே மீட்டர் சொல்லட்டும். நாம் நிம்மதியாகத் தைக்கலாம்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை ஆள் வராத நேரத்தில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பின் ரூமில், ஓடாமல் நின்றுபோன கால் மிஷின் மேசைமேல் கம்ப்யூட்டர் ஏறியது. மிதி மட்டும் கீழே அப்படியே இருந்தது. யோசிக்கும்போது கால் தானாக மிதிக்கும். மிதிச் சத்தம் வேகமெடுத்தால் எங்கோ சிக்கிக்கொண்டார் என்று முன் ரூமில் காஜாக்காவுக்குத் தெரிந்துவிடும். எழுதிய நிரலில் ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதைப் பதினோரு நாள் தேடினார். "ஊசி விழுந்தா காந்தத்த வச்சு எடுத்துடலாம். இதுக்கு எதை வைக்கிறது?" என்று கம்ப்யூட்டரிடமே கேட்டார். அந்தப் பதினோரு நாளும் மிதித்த மிதிக்கு, மிஷின் ஓடியிருந்தால் ஒரு பட்டாளத்துக்கே சட்டை தைத்திருக்கலாம்.

மூன்று வருடம். கடைசியில் வந்தே விட்டது. பெயர் 'எத்தனை மீட்டர்'. விலை மூன்று, அதாவது ஒரு டீயின் விலை.

முதல் நாளே மூன்று பேர் வாங்கினார்கள். அங்குலம் தரையில் கால் பாவாமல் திரிந்தார். ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்தார். சாயங்காலம் காஜாக்கா விசாரித்ததில், வாங்கிய மூவரில் ஒருவர் காஜாக்காவின் தம்பி, ஒருவர் அங்குலத்தின் சித்தப்பா, மூன்றாமவர் சோதித்துப் பார்ப்பதற்காக வாங்கிய அங்குலமே என்று தெரிந்தது.

"சொந்தக்காரங்க வாங்கினது கணக்குல சேராது," என்றார் காஜாக்கா. "நீங்க வாங்கினதப் பத்தி நான் பேசவே விரும்பல."

அப்புறம்தான் அந்த ஒப்பந்தம் வந்தது. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் ஒன்று கைக்கு வந்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வெட்ட வேண்டும். அதற்கு இன்னொரு வெட்டு மேசை வேண்டும். மேசை போட இருந்த இடமோ பின் ரூம் ஒன்றுதான்.

"இந்த மாசம் முழுக்க உங்களுக்கு டைம்," என்றார் காஜாக்கா. "முகம் தெரியாத ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், காசு கொடுத்து வாங்கட்டும். மேசைய நான் முன் ரூம்ல போட்டுக்கறேன், நிலைக்கண்ணாடியக்கூடக் கழட்டித் தரேன். யாரும் வாங்கலன்னா கம்ப்யூட்டர மூட்டை கட்டிடணும். அதுக்கப்புறம் ஆப்புங்கற பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது."

"ஒரே ஒருத்தர்தானே?"

"ஒருத்தர்தான். ஆனா அந்நியர்."

அங்குலம் சரி என்றார். அது நியாயமான பேச்சு என்பது அவருக்கே தெரியும். மூன்று வருடமாகச் செய்தது வேலையா விளையாட்டா என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அங்கேதான் அங்குலத்தின் மச்சான், அந்தத் தம்பி, உள்ளே வந்தான். எதிர் வரிசையில் போன் கவர் விற்கிறவன். வியாபாரம் பற்றி அவனிடம் கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

"மாமா, விலைய எடுத்துடுங்க. சும்மா கொடுங்க. நான் கவரச் சும்மா கொடுக்கறேன், கண்ணாடி ஒட்ட வரும்போது பிடிச்சுக்கறேன். முதல்ல கூட்டம் சேரட்டும்."

சும்மா கொடுத்தார். கூட்டம் சேர்ந்தது. ஒரே வாரத்தில் மூவாயிரம் பேர். போன்கள் குறைந்தனவா என்றால், அதுதான் இல்லை. ஆப்பில் கடை நம்பரைப் போட்டிருந்தார். ஆகவே ஊர் பேர் தெரியாதவர்களும் இப்போது கூப்பிட்டார்கள்.

"உங்க ஆப்பு ரெண்டரை மீட்டர்ன்னு சொல்லுது. சரிதானான்னு கேக்கலாம்னு போட்டேன்."

"சரிதாங்க. அதுக்குத்தானே ஆப்பு."

"இல்ல, சும்மா கொடுக்கறீங்க, எந்த அளவு நம்பறதுன்னு தெரியல."

இன்னொருவர் நேரடியாகவே கேட்டார்: "இவ்ளோ வேலை செஞ்சு சும்மா தர்றீங்கன்னா, எங்ககிட்டேருந்து என்னத்த எடுக்கறீங்க?" அங்குலம் இரண்டு நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இடுப்பளவைத் தவிர அவர் யாரிடமிருந்தும் எதையும் எடுத்ததில்லை.

"சும்மான்னா சும்மா இருக்க மாட்டாங்க மாமா," என்று சொன்ன மச்சான் அடுத்த யோசனையை இறக்கினான். விளம்பரம். ஆப்புக்குள் விளம்பரம் ஓடட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், காசு விளம்பரக்காரன் கொடுக்கட்டும். விளம்பரக்காரன் முகம் தெரியாதவன்தானே?

"அவன் ஆப்ப வாங்கலடா," என்றார் காஜாக்கா. "சுவத்த வாடகைக்கு எடுக்கறான். செல்லாது."

இருந்தாலும் போட்டுப் பார்த்தார்கள். முதல் விளம்பரம் வந்தபோது காஜாக்காதான் பார்த்தார். சட்டையளவு போட்டதும் திரை முழுக்க ஒரு வாலிபன் சிரித்தான். கீழே எழுதியிருந்தது: 'துணி வாங்கி, தையல்காரர் பின்னால் அலைந்து... எதற்கு? ரெடிமேட் இருக்க!'

காஜாக்கா போனைக் கணவர் மடியில் வைத்தார். "நம்ம கடைக்குள்ளயே வந்து நம்ம கழுத்த அளக்கறான்."

அன்று மாலையே விளம்பரம் போயிற்று.

அடுத்தது ஏழு நாள் இலவசம், எட்டாம் நாளிலிருந்து காசு. உலகமே அப்படித்தான் செய்கிறது என்று மச்சான் சொன்னான். அங்குலத்துக்கு இது பிடித்தது. தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கக் கொடுக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டார். எட்டாம் நாள் ஒரு கடிதமும் வந்தது. பின் ரூமிலிருந்து முன் ரூமுக்கு வரும் வழியில் இரண்டு நூல்கண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து சத்தமாகப் படித்தார்:

"ஐயா, ஏழு நாளுக்குள்ளே எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முப்பத்தொரு பேருக்கும் துணி வாங்கி முடித்துவிட்டோம். அற்புதமான ஆப்பு. அழித்துவிட்டேன். நன்றி."

வருடத்துக்கு ஒரு தடவை துணி வாங்குகிறவனுக்கு ஏழு நாள் என்பது ஏழு வருடம். இது மூன்று பேருக்குமே தோன்றாமல் போயிற்று. பிறகு காஜாக்காவுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. மச்சானுக்கும் தொற்றியது. அங்குலம் முறைத்தபடி நின்று, அவரும் சிரித்து, கடைசியில் மூவரும் துணிக் குவியல்மேல் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளர் கடையில் ரகளை செய்தார். சத்தம் கேட்டு மச்சானும் வந்துவிட்டான். அவருடைய அளவுச் சட்டையைக் காணோம். அளவுச் சட்டை என்பது உடம்புக்குச் சரியாக உட்காரும் பழைய சட்டை. 'இதே மாதிரி' என்று சொல்லித் தையல்காரரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். காலர் நைந்து, அக்குளில் கிழிந்து, கரித்துணிக்கும் ஆகாத சட்டை. அதற்காக மனிதர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தேடி எடுத்துக் கொடுத்ததும் அதை மடியில் போட்டுத் தடவிக் கொடுத்தார்.

அவர் போனதும் காஜாக்கா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "என்னங்க, அளவு எடுக்கறதுக்கு நம்மகிட்ட யாராவது காசு கொடுத்திருக்காங்களா?"

"அளவெடுக்கக் காசு கேட்டா சிரிப்பாங்க."

"அளவு தொலைஞ்சா?"

அங்குலம் வாசலைப் பார்த்தார். அந்த ஆள் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தார்.

"கணக்குப் போடறது சும்மா இருக்கட்டும்," என்றார் காஜாக்கா. "எத்தனை மீட்டர்னு யார் வேணா, எப்ப வேணா கேக்கட்டும். அளவப் பத்திரமா வச்சுக் கொடுக்கறதுக்குக் காசு வாங்குங்க. ஒரு தடவ கொடுத்தா, வீட்ல இருக்கற எல்லார் அளவும் உள்ள இருக்கணும். போன் மாத்தினாலும் போகக் கூடாது."

மச்சான் வாயைத் திறந்தான். "அக்கா, நீ இத்தன நாள் எங்க இருந்த?"

"காஜா கட்டிட்டு இருந்தேன்."

அங்குலம் பின் ரூமுக்குள் போனவர் மூன்று மத்தியானம் வெளியே வரவில்லை. மிதிச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஆப்புக்குள் 'அளவுப் பெட்டி' என்று ஒரு அறை உருவாயிற்று. மூன்றாம் நாள் பெட்டி பூட்டித் திறக்கத் தொடங்கியது. விலை போடுவது ஒன்றுதான் பாக்கி.

"விலை என்ன வைக்கிறது?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாருங்க," என்று வெளியேயிருந்து பதில் வந்தது.

நோட்டு என்றால் அளவு நோட்டு. திறந்திருந்த பக்கம் வங்கி மேனேஜருடையது. பக்கத்தின் தலையில், மேனேஜர் சார் என்று எழுதியதற்குப் பக்கத்தில், 'பெட்டி: 3' என்று காஜாக்கா பொடியாக எழுதியிருந்தார். ஆனால் இருபது வருடமாக அந்த நோட்டில் அங்குலத்தின் கண் விழுகிற இடம் வேறு. ஒவ்வொரு பக்கத்திலும் இடுப்பளவைச் சிவப்பு வட்டம் போட்டு வைப்பது அவர் வழக்கம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், மாறுவது இடுப்புதான். வட்டத்துக்குள் நாற்பத்திரண்டு இருந்தது.

அவருக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. பதினான்கு டீயின் விலை. உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி கத்தினார்.

"நாப்பத்திரண்டா?"

வெளியே காஜாக்கா மேனேஜரின் கால்சட்டைத் துணியை விரித்துக் கையில் கத்தரியோடு நின்றிருந்தார்.

"ஆமா, நாப்பத்திரண்டு. ஒரு விரல் விட்டுக்கோங்க."

விலையில் ஒரு விரல் எப்படி விடுவது என்று அங்குலத்துக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் மிதித்துப் பார்த்தார். மனைவி துணிந்து சொல்லும்போது எதிர்க்கேள்வி கேட்டு நல்லது நடந்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. நாற்பத்திரண்டு என்று போட்டு அனுப்பிவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. மாதத்தின் கடைசி நாள் வந்தது. கூடவே தச்சர் வெட்டு மேசையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னும் நாள் முடியலையே," என்றார் அங்குலம்.

"மேசைக்குத் தெரியாதில்ல," என்றார் காஜாக்கா. ஆனால் குரலில் வழக்கமான குத்து இல்லை. "நீங்க போய் உங்க சாமான எடுத்து வைங்க."

அங்குலம் பின் ரூமுக்குள் போய்க் கம்ப்யூட்டரின் முன் நின்றார். வயரைப் பிடுங்கக் கை வரவில்லை. அதற்குள் தச்சரும் மச்சானும் மேசையைப் பக்கவாட்டில் சாய்த்து வாசலுக்குள் தள்ளினார்கள். பாதி வந்தது. அப்புறம் வரவில்லை. பின்னால் இழுத்தால் அதுவும் இல்லை. மேசை வாசலில் கார்க் மாதிரி இறுகி நின்றது.

"நீங்க கொடுத்த அளவுதான் சார், ஒரு நூல் பிசகாம செஞ்சேன்," என்றார் தச்சர்.

அங்குலம் உள்ளேயிருந்து டேப்பை நீட்டினார். மேசை ஒரு அங்குலம் அதிகம். மடித்து அடிக்க ஒரு அங்குலம் விட்டு அளவு சொல்லும் கை, மரத்துக்கும் விட்டுச் சொல்லியிருந்தது.

"மரத்துக்கு மடிப்பு அடிப்பீங்களா?" என்று காஜாக்கா கேட்டதும் தச்சர் மேசையை விட்டுவிட்டுச் சிரிக்கப் போய்விட்டார். உள்ளே அங்குலம், வெளியே எல்லாரும், நடுவே மேசை.

அப்போது கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

உள்ளே மிதிச் சத்தம் கேட்டது. யாரும் கேட்டிராத வேகம்.

"என்னங்க, என்னாச்சு?"

மேசைக் காலுக்கு மேலே அங்குலத்தின் முகம் எழுந்தது. "ஒருத்தர் வாங்கிட்டார். பெட்டிய வாங்கிட்டார்."

"யாரு?"

"பேர் வராது. நம்பர்தான் வரும்."

காஜாக்கா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். அவன் இரண்டு கையையும் தூக்கினான். "சத்தியமா நான் இல்லக்கா. நான் அந்த ஆப்பையே போன வாரம் தூக்கிட்டேன்."

"தூக்கிட்டியா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"போன்ல இடமில்ல மாமா."

சித்தப்பாவுக்குப் போன் போட்டார்கள். ஒலிபெருக்கியில் அவர் குரல் கடை முழுக்க நிறைந்தது: "அந்தப் பெட்டியா? ஆப்புல நாப்பத்திரண்டுன்னு பார்த்தேன். அந்தக் காசுக்கு நான் தைச்ச சட்டையே வாங்கிக்குவேனே. எனக்கு என்ன கிறுக்கா?"

போனைக் கீழே வைத்ததும்தான் காஜாக்காவுக்கு உறைத்தது. "அவர் என்ன நாப்பத்திரண்டுங்கறார்?"

"விலை," என்றார் அங்குலம்.

"விலை மூணுங்க."

"நீதானே நாப்பத்திரண்டுன்னே. ஒரு விரல் வேற விடச் சொன்னே."

"அது மேனேஜர் சார் இடுப்பு."

மச்சான் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். போன சிரிப்பு மறுபடி வந்து தச்சர் வெளியே ஓடினார். அங்குலம் சிரிக்கவில்லை. "ஒரு மனுசன்கிட்ட முப்பத்தொன்பது கூட வாங்கிட்டேன். இருபது வருசத்துல ஒரு முழம் துணி யார்கிட்டயும் பிடிச்சதில்ல." உள்ளே போய் உட்கார்ந்து, விலை தவறுதலாகப் போட்டுவிட்டதாகவும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதாகவும் அந்த நம்பருக்கே எழுதினார். 'மூன்றுதான் விலை' என்று இரண்டு தடவை எழுதினார். மேனேஜரின் இடுப்பைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

மேசை வாசலில் நின்றபடி நிற்க, எல்லாரும் காத்திருந்தார்கள். காஜாக்கா மேசைக் காலுக்கு அடியில் டீ டம்ளரை உள்ளே தள்ளினார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அங்குலம் நின்றுகொண்டு படித்தார்:

"ஐயா, நான் ஒரு நாடகக் குழுவின் உடுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். அறுபத்து மூன்று நடிகர்கள். அவர்கள் அளவு எழுதிய நோட்டு மழையில் ஊறிப்போய் நான் அழாத குறை. அளவு வைக்க நான்கைந்து ஆப்புகள் பார்த்தேன், எல்லாம் டீ விலை. அறுபத்து மூன்று பேர் உடம்பை டீ விலைக்கு ஒருவர் பத்திரமாக வைத்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள்தான் ஒரு விலை வைத்திருந்தீர்கள். மிச்சம் வேண்டாம். தயவுசெய்து மூன்று என்று மாற்றிவிடாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கும். ஒரு சந்தேகம்: எங்கள் ராஜாவுக்கு முதுகில் ஒரு கூன் கட்ட வேண்டும். கூனுக்கு எத்தனை மீட்டர்?"

"கூனுக்கு எத்தனை மீட்டர்," என்று காஜாக்கா முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். "நம்ம சொந்தத்துல ராஜா யாரும் இல்ல. இது அந்நியர்தான்."

தச்சரைக் கூப்பிட்டு மேசையை வெளிப்பக்கம் இழுக்கச் சொன்னதும் அவர்தான், நிலைக்கண்ணாடியைக் கழற்ற ஸ்டூல் போட்டு ஏறியதும் அவர்தான். மேசை சத்தத்தோடு விடுபட்டது. வாசல் சட்டத்திலிருந்து ஒரு சிராய் போனது. அங்குலம் வெளியே வரவில்லை. உள்ளே மிதித்துக்கொண்டிருந்தார். கூனுக்குக் கணக்குப் போடாமல் எப்படி வருவது?

விலை நாற்பத்திரண்டாகவே இருந்தது. அடுத்த மாதம் ஒன்பது பேர் வாங்கினார்கள். ஒருவர் பத்தொன்பது பேத்தி பேரன் உள்ளவர், ஒருவர் நாய்களுக்குக் கோட்டு தைப்பவர். விளக்கம் கேட்டு வந்த போன்கள் என்னவோ குறையவில்லை.

ஒரு நாள் வங்கி மேனேஜர் அடுத்த கால்சட்டைக்கு வந்தார். ஆப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்.

"நாப்பத்திரண்டுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? நாப்பதும் இல்லாம, ஐம்பதும் இல்லாம. இதுக்குப் பின்னால ஏதாவது ஆராய்ச்சி இருக்கா?"

மச்சான் வாயைத் திறந்தான். காஜாக்கா அவன் காலை மிதித்தார்.

"அளவெடுத்துப் போட்டதுதான் சார்," என்றார் அங்குலம், டேப்பை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டபடி. டேப்பைப் பார்த்தவர் முகம் மாறியது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். "சார், நாப்பதுதான் வருது."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். தினம் ஒரு மணி நேரம்."

"தினமுமா?"

"நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது சார்," என்றார் அங்குலம் கலவரத்தோடு. பிஸ்கட் தட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் போனபின் நோட்டை எடுத்து, பழைய வட்டத்தை அடித்து, நாற்பது என்று எழுதி, வட்டம் போடாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போடுங்க," என்றார் காஜாக்கா, நூலைக் கடித்துக்கொண்டே. "அவர் இடுப்பு இறங்கட்டும். நம்ம விலை இறங்காது."